இருபது பேர் கூடிய மாநாடு

மாநாடு என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்குப் பந்தலும் தோரணமும் ஒலிபெருக்கியும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரளாத ஒன்றை அப்படி அழைக்கக் கூச்சப்படுவோம். ஆனால் 1937 ஜனவரி 3-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரம்மஞான சபையின் அரங்கொன்றில் ஏறத்தாழ இருபது பேர் கூடினார்கள். கூச்சமே இல்லாமல் அதை மாநாடு என்றும் அழைத்தார்கள். முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தப்பட்ட முதல் அறிவியல் புனைகதை மாநாடு அதுதான் என்று இன்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அமெரிக்கர்களில் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன்.

வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். லண்டனிலிருந்து ரயிலேறி வந்த ஓர் அரசுத் தணிக்கை அலுவலக எழுத்தருக்கு அப்போது வயது 19. பெயர் ஆர்தர் சி. கிளார்க். லிவர்பூல் பக்கத்திலிருந்து வந்த எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல், பத்திரிகைத் தொழிலறிந்த வால்டர் கில்லிங்ஸ், பின்னாளில் முக்கியமான இதழாசிரியராகப்போகும் டெட் கார்னெல் ஆகியோரும் இருந்தார்கள். பிற்காலப் புகழைக் கொண்டு அந்த அறையைப் பார்ப்பது நமக்கு எளிது. அன்றைக்கு அவர்கள் சில வாசகர்கள் மட்டுமே. பனிக்கால ஞாயிறொன்றில் கைக்காசைச் செலவழித்து இன்னொரு ஊருக்குப் போய், செவ்வாய்க்கு ராக்கெட் விடுவதைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக் கிளம்பும் ஓர் இளைஞனை அந்த வீட்டார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். நூலக மாடியில் பதினோரு பேர் கூடும் கவிதைக் கூட்டத்துக்குப் பேருந்து பிடித்துப் போயிருக்கும் நம் நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவர்கள் ஒருவரையொருவர் எப்படி அறிந்தார்கள் என்பதில்தான் கதையின் முக்கிய முடிச்சு இருக்கிறது. லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. அதன் வாசகர் கடிதப் பகுதியில், எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சானது. சின்னஞ்சிறு ஏற்பாடு, ஆனால் விளைவு பெரிது. ஆசிரியருக்கு எழுதியவர்கள் தங்களுக்குள்ளேயே எழுதத் தொடங்கினார்கள். இந்த இதழ்கள் இங்கிலாந்துக்குக் கப்பலில் அடிச்சுமையாக வந்தவை என்பார்கள். விற்காமல் எஞ்சிய பழைய பிரதிகள் மலிவு விலைக் கடைகளில் 3 பென்ஸுக்குக் கிடைத்தன. தொடர்கதையின் நடு அத்தியாயம் கிடைக்கும், முதலும் முடிவும் கிடைக்காது. விடுபட்ட இதழ் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதிலிருந்து எத்தனையோ நட்புகள் தொடங்கியிருக்கும்.

1934-இல் கெர்ன்ஸ்பேக் தன் இன்னோர் இதழான 'வொண்டர் ஸ்டோரீஸ்' வழியாக 'சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்' என்ற வாசகர் சங்கத்தை நிறுவினார். ஊர்தோறும் கிளைகள் தோன்றின. லீட்ஸில் ஒன்று, நியூனீட்டன் என்ற சிற்றூரில் இன்னொன்று. நியூனீட்டன் கிளையினர் 1936-இல் 'நோவே டெரே' என்ற ரசிகர் இதழைத் தாங்களே பிரதியெடுத்து வெளியிட்டார்கள். லத்தீனில் 'புதிய உலகங்கள்' என்று பொருள்.

சங்கம் வாசகருடையது போலத் தோன்றினாலும், அதன் சாவி வெளியீட்டாளரின் சட்டைப்பையில் இருந்தது. இதழ் விற்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சங்கம் அது. 1936-இல் கெர்ன்ஸ்பேக் இதழை வேறொரு நிறுவனத்துக்கு விற்றபோது, இதழோடு சேர்ந்து வாசகர் சங்கமும் கைமாறியது. வீட்டை விற்கும்போது கொல்லையிலுள்ள முருங்கை மரமும் சேர்ந்து போவதைப்போல. கடல் கடந்த கிளைகளின் உறுப்பினர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லீட்ஸ் அரங்கில் அன்று பேசப்பட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கான பதில்தான். எந்த வணிக இதழையும் சாராத, பிரிட்டிஷ் வாசகர்களே நடத்தும் ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவுசெய்து, 'சயன்ஸ் ஃபிக்‌ஷன் அசோசியேஷன்' என்ற பெயரில் அதை நிறுவினார்கள். 'நோவே டெரே' அதன் குரலாயிற்று. இருபது பேர் போட்ட தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாசகன் நுகர்வோர் மட்டுமல்ல, தன் வாசிப்பின் நிபந்தனைகளைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையுள்ளவன் என்ற நிலைப்பாடு அதில் இருக்கிறது. தமிழ்ச் சிற்றிதழ்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இனி அந்த வழக்கு. 1936 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டொனால்ட் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல் உள்ளிட்ட ஆறேழு இளைஞர்கள் ரயிலில் ஃபிலடெல்ஃபியா சென்று, அங்கிருந்த ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான ரசிகர்களைச் சந்தித்தார்கள். மில்டன் ராத்மன் என்ற ரசிகரின் வீட்டில் சில மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இந்தச் சந்திப்பே முதல் அறிவியல் புனைகதை மாநாடு என்று அறிவித்தார்கள். லீட்ஸ்காரர்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்ததை அறிந்து முந்திக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஃபிலடெல்ஃபியா நகரத்து மாநாடு இன்றும் தன் வயதை 1936-இலிருந்தே கணக்கிடுகிறது.

என் தீர்ப்பு லீட்ஸ் பக்கம்தான். வீட்டுக்கு வந்த விருந்தினரோடு பேசியதற்கு மாநாடு என்று பெயர் சூட்டுவதற்கும், இடமும் நாளும் குறித்து அழைப்பு விடுத்து, பேசி, ஒரு முடிவோடு கலைவதற்கும் வேறுபாடு இருக்கிறது. ஆயினும் வோல்ஹைமை வெறும் விளையாட்டுப் பிள்ளையாக ஒதுக்கிவிட முடியாது. அவருடைய முதல் கதை 1934 ஜனவரி 'வொண்டர் ஸ்டோரீஸ்' இதழில் வெளிவந்தது; சன்மானம் வரவில்லை. விசாரித்தபோது வேறு எழுத்தாளர்களுக்கும் அதே கதி என்று தெரிந்தது. அவர்களைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே 75 டாலருக்குச் சமரசமாயிற்று. அதன்பின் 1935-இல் கெர்ன்ஸ்பேக்கின் லீக் அவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. பாக்கியைக் கேட்டவனைக் கடைக்காரர் வாசகர் சங்கத்திலிருந்து விலக்குவது என்ன நியாயம்! ஆக, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், யார் முதல் என்ற போட்டிக்கு அடியில் ஒரே மனக்குறைதான் இருந்தது. ஒரு கரையில் அது சண்டையாக வெடித்தது. மறு கரையில் சட்டதிட்டங்களோடு கூடிய சங்கமாயிற்று. இரண்டும் அவரவர் இயல்பு போலும்.

லீட்ஸின் நற்பேறு நீடிக்கவில்லை. சங்கத்தின் மையம் விரைவிலேயே லண்டனுக்கு நகர்ந்தது. தலைநகரங்கள் வழக்கமாகச் செய்வதுதான். 1939-இல் போர் மூண்டதும் சங்கமே கலைந்தது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் கலையவில்லை. அதே 1937-இல் கில்லிங்ஸ் 'டேல்ஸ் ஆஃப் வொண்டர்' என்ற இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கிளார்க்கின் கட்டுரை அதில் வெளிவந்தது. 'நோவே டெரே'யைப் பொறுப்பேற்ற கார்னெல், 1939-இல் லத்தீன் பெயரை ஆங்கிலமாக்கி 'நியூ வேர்ல்ட்ஸ்' என்று மாற்றினார். போருக்குப் பின் 1946-இல் அது கடைகளில் விற்கும் முழு இதழாயிற்று. 1964 வரை அவரே ஆசிரியர். ஜே.ஜி. பலார்டின் தொடக்ககாலக் கதைகள் 1956-இல் அச்சேறியது அவர் கையால்தான். சிற்றூர் வாசகர்கள் கைப்பட உருட்டியெடுத்த தாள்களுக்கும் பலார்டுக்கும் இடையே இருபதாண்டுத் தொலைவுதான்.

அதே 1956-இல் கிளார்க் இலங்கையில் குடியேறினார். 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானபோது அவருக்கு வயது 90. தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பற்றி 1945-இலேயே எழுதியவர் என்றும், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் ஆசிரியர் என்றும் உலகம் அவரை நினைவுகூர்ந்தது. லீட்ஸுக்கு ரயிலேறிய அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவர் தன் பெயரில் விலைக்கு ஒரு கதைகூட விற்றிருக்கவில்லை.