லுவூவ்–வார்சா மெய்யியல் பள்ளி

லுவூவ்–வார்சா பள்ளி என்பது 1895 முதல் இரண்டாம் உலகப் போர் வரை போலந்தில் செழித்த பகுப்பாய்வு மெய்யியல் மரபு. தருக்கவியல், மொழி, அறிவியல் முறை ஆகியவை பற்றி இன்று உலகெங்கும் பாடமாக இருக்கும் பல கருத்துகள் இங்கே பிறந்தவை. இப்பள்ளிக்கெனப் பொதுவான கொள்கை எதுவும் இருந்ததில்லை. கத்தோலிக்கக் குருமார்களும் நாத்திகர்களும், பொருள்முதல்வாதிகளும் அதை மறுத்தவர்களும் இதில் அருகருகே பணியாற்றினர். சொல்வதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொன்னதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற ஒழுக்கமே இவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது.

தோற்றம்

பள்ளியின் நிறுவனர் கசிமியேஷ் த்வர்தோவ்ஸ்கி (1866–1938). வியன்னாவில் பிறந்த இவர் அங்கே ஃப்ரான்ஸ் பிரெண்டானோவிடம் பயின்றார். மனத்தில் தோன்றும் எண்ணத்தின் உள்ளடக்கம் வேறு, அந்த எண்ணம் சுட்டும் பொருள் வேறு என்று பிரித்துக் காட்டிய இவரது 1894ஆம் ஆண்டு நூல் ஐரோப்பிய மெய்யியலாளர்களின் கவனத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டே ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லுவூவ் நகரின் (இன்று உக்ரைனின் லிவிவ்) பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அங்கு அவர் தம் நேரத்தின் பெரும்பகுதியைச் சொந்தப் புகழுக்கான நூல்களுக்குச் செலவிடவில்லை, மாணவர்களுக்கே கொடுத்தார். 1904இல் போலந்து மெய்யியல் கழகத்தைத் தொடங்கினார். 1907இல் உளவியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார். 1911இல் 'ரூஹ் ஃபிலோசோஃபிச்னி' என்ற இதழை நிறுவினார். தெளிவாக எழுதத் தெரியாதவர் தெளிவாகச் சிந்திக்கவும் இல்லை என்று கொள்வதில் தவறில்லை என்பது அவர் கருத்து. மெய்யியல் நடையைப் பற்றிய சிறு கட்டுரையொன்றில் இதை வெளிப்படையாகவே எழுதினார். அவரது மாணவர்கள் பின்னர் போலந்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பேராசிரியர்களாயினர். அவர்களில் பலர் ஆசிரியரின் முடிவுகளை மறுத்தனர். அவர் கற்பித்த முறையை மட்டும் கைவிடவில்லை.

வார்சாவும் தருக்கவியலும்

1915இல் வார்சா பல்கலைக்கழகம் மீண்டும் போலந்து மொழிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டதும் லுவூவிலிருந்து யான் வுகாஷியேவிச் (1878–1956) அங்கு சென்றார். 1919இல் ஸ்தானிஸ்வாஃப் லெஷ்னியெவ்ஸ்கியும் (1886–1939) பேராசிரியரானார். இருவருடைய இருக்கைகளும் கணித, இயற்கை அறிவியல் புலத்தில் அமைந்தன. 1920இல் கணக் கோட்பாட்டுக்கும் கணித அடிப்படைகளுக்குமாகத் தொடங்கப்பட்ட 'ஃபண்டமென்டா மேத்தமேட்டிகே' இதழின் ஆசிரியர் குழுவிலும் இருவரும் இடம்பெற்றனர். மெய்யியலாளரும் கணிதவியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வாய்ப்பு அங்கே எளிதாகக் கிடைத்தது. வார்சாவில் தருக்கவியல் வேகமாக வளர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

எதிர்காலத்தைப் பற்றிய கூற்றுகள் இப்போதே உண்மை அல்லது பொய் என்றால், நடக்கப்போவது எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டதா? அரிஸ்டாட்டில் எழுப்பிய இக்கேள்வியிலிருந்து வுகாஷியேவிச் மூன்று மதிப்புத் தருக்கவியலை உருவாக்கி 1920இல் வெளியிட்டார். உண்மைக்கு 1, பொய்க்கு 0, இன்னும் முடிவாகாததற்கு ½ என மதிப்புகள் வைத்தார். இரண்டாயிரம் ஆண்டு மரபை விட்டு விலக அவரைத் தூண்டியது மனிதனின் சுதந்திரத்துக்குத் தருக்கத்தில் இடம் தேடிய அக்கறை.

அடைப்புக்குறி தேவைப்படாத குறியீட்டு முறையையும் அவர் 1924இல் வகுத்தார். செயற்குறியை முன்னே எழுதுவதே அதன் உத்தி. எடுத்துக்காட்டாக, (3 + 4) × 5 என்பதை × + 3 4 5 என்று எழுதலாம். 3 + (4 × 5) என்பது + 3 × 4 5 ஆகும். முதலாவதன் விடை 35, இரண்டாவதன் விடை 23. குழப்பத்துக்கு இடமே இல்லை. செயற்குறியைப் பின்னே வைக்கும் இதன் மாற்று வடிவம் 1972இல் வெளிவந்த ஹியூலெட்-பேக்கார்ட் கைக்கணிப்பானிலும் பயன்பட்டது.

லெஷ்னியெவ்ஸ்கி, கணங்களைப் பற்றி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கண்ட முரண்பாட்டைத் தீர்க்க முனைந்து, முழுமைக்கும் அதன் பகுதிகளுக்கும் உள்ள உறவைப் பற்றிய மீரியாலஜி என்ற துறையை 1916இல் தொடங்கிவைத்தார்.

உண்மையின் வரையறை

லெஷ்னியெவ்ஸ்கியிடம் 1924இல் முனைவர் பட்டம் பெற்ற ஆல்ஃபிரட் தார்ஸ்கி (1901–1983) இப்பள்ளியின் மிகப் பெரிய பெயர். 'லுவூவில் மழை பெய்கிறது' என்ற வாக்கியம், லுவூவில் மழை பெய்தால், பெய்தால் மட்டுமே உண்மை. கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வடிவத்தை ஒரு மொழியின் எல்லா வாக்கியங்களுக்கும் முரணின்றிப் பொருத்துவதுதான் கடினம். 'இந்த வாக்கியம் பொய்' என்பதை (பொய்யன் புதிர்) எடுத்துக்கொண்டால், அது உண்மையென்றால் பொய், பொய்யென்றால் உண்மை.

1933இல் போலிஷ் மொழியிலும் 1935இல் ஜெர்மனிலும் வெளிவந்த நூலில் தார்ஸ்கி இதற்கு வழி கண்டார். ஒரு மொழியின் வாக்கியங்கள் உண்மையா என்பதை அதே மொழிக்குள் நின்று வரையறுக்காமல், அதைவிட வளமான மேல்மொழி ஒன்றிலிருந்து வரையறுக்க வேண்டும் என்றார். வடிவ மொழிகளுக்கு இதைத் துல்லியமாகச் செய்தும் காட்டினார். உண்மை என்ற கருத்தே சந்தேகத்துக்குரியது என்று ஒதுங்கியிருந்த அறிவியல் மெய்யியலாளர்கள் பலர் அதைத் துணிந்து கையாள இந்நூல் வழிவிட்டது. கார்ல் பாப்பர் அவர்களில் ஒருவர்.

அறிவியல் மெய்யியல்

அறிவியல் உண்மைகளைச் சேகரிக்கும் வேலை மட்டுமே என்ற எண்ணத்தை வுகாஷியேவிச் 1912இலேயே மறுத்தார். அளவீடுகள் எப்போதும் தோராயமானவை. இயற்கை விதியோ துல்லியமாகச் சொல்லப்படுகிறது. எனவே விதியில் தரவுகளைவிடக் கூடுதலான ஏதோ இருக்கிறது. அது ஆய்வாளரின் படைப்பு என்பது அவர் வாதம்.

கசிமியேஷ் அய்துகியேவிச் (1890–1963) 1934இல் முன்வைத்த தீவிர மரபொப்புக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரே அனுபவத் தரவுகளிலிருந்து, ஒன்றையொன்று மொழிபெயர்க்க முடியாத இரு மொழிகள் வெவ்வேறு உலகப் படங்களைக் கட்டலாம் என்றார். பின்னாளில் இக்கொள்கையை அவரே கைவிட்டார்.

யானினா ஹோசியாசோன்-லிண்டன்பாம் (1899–1942) ஒரு சான்று ஒரு கருதுகோளை எவ்வளவு வலுப்படுத்துகிறது என்பதை நிகழ்தகவு வழியே ஆராய்ந்தார். 'காகங்கள் எல்லாம் கருப்பு' என்பதும் 'கருப்பல்லாதவை எல்லாம் காகமல்லாதவை' என்பதும் ஒரே பொருளுடையவை. அப்படியானால் ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் பார்ப்பதும் காகங்களைப் பற்றிய விதிக்குச் சான்றாகிவிடுமே! மெய்யியலாளர் கார்ல் ஹெம்பெல் கண்ட இப்புதிரை அச்சில் முதலில் விவாதித்தது இவரது 1940ஆம் ஆண்டுக் கட்டுரைதான். உலகில் கருப்பல்லாத பொருள்கள் காகங்களைவிட மிக மிக அதிகம் என்பதால், சுண்ணக்கட்டி தரும் வலு இருந்தாலும் அது மிகச் சொற்பமே என்பது அவர் விடையின் சாரம். நிகழ்தகவு வழியில் தரப்படும் இன்றைய விடைகளின் அடிப்படையும் இதுவே.

ததேயுஷ் கோத்தார்பின்ஸ்கி (1886–1981) பொருள்கள் மட்டுமே உள்ளன, பண்புகளும் உறவுகளும் பேச்சு வசதிக்கான சொற்களே என்ற ரேயிசத்தை வளர்த்தார். மரியா ஒசோவ்ஸ்காவும் ஸ்தானிஸ்வாஃப் ஒசோவ்ஸ்கியும் 1935இல் 'அறிவியலைப் பற்றிய அறிவியல்' என்ற தனித் துறைக்குத் திட்டம் வரைந்தனர். பள்ளிக்கு வெளியே, அதே லுவூவில், மருத்துவர் லுத்விக் ஃப்ளெக் அறிவியல் உண்மை ஆய்வாளர் குழுக்களின் சிந்தனைப் பாணியில் உருவாவதை 1935இல் விளக்கினார். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் பின்னர் தம் புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் அவரை நினைவுகூர்ந்தார்.

வியன்னா வட்டத்துடன் உறவு

1930இல் தார்ஸ்கி வியன்னாவுக்கும், அங்கிருந்த தருக்க அனுபவவாதக் குழுவான வியன்னா வட்டத்தைச் சேர்ந்த ருடால்ஃப் கார்னாப் வார்சாவுக்கும் சென்று உரையாற்றினர். 1935 பாரிஸ் மாநாட்டில் தார்ஸ்கியும் மரியா கோகோஷின்ஸ்காவும் உண்மைக் கோட்பாட்டை முன்வைத்தபோது அவ்வட்டத்தின் ஆட்டோ நாய்ராத் கடுமையாக எதிர்த்தார். இரு குழுக்களும் தருக்கவியலைப் போற்றின. ஆனால் மெய்யியலின் பழைய கேள்விகளைப் பொருளற்றவை என்று போலந்தினர் தள்ளிவிடவில்லை. அவற்றைத் திருத்தமாகக் கேட்க முயன்றனர்.

போரும் அழிவும்

1939 ஆகஸ்டில் மாநாட்டுக்காக அமெரிக்கா சென்ற தார்ஸ்கி அங்கேயே தங்க நேர்ந்தது. பின்னர் பெர்க்லியில் பெரும் ஆய்வு மையத்தை உருவாக்கினார். யூதர்களான பல தருக்கவியலாளர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டனர். ஆடோல்ஃப் லிண்டன்பாம் 1941இலும், அவர் மனைவி யானினா 1942இலும் மாண்டனர். எண்கூட்டல் பற்றிய முடிவால் கணினி அறிவியலில் இன்றும் பேசப்படும் மோசஸ் பிரெஸ்பர்கரும் தப்பவில்லை. குருவும் தருக்கவியலாளருமான யான் சலமூஹா 1944 வார்சா எழுச்சியில் கொல்லப்பட்டார். லெஷ்னியெவ்ஸ்கியின் கையெழுத்துப் படிகளும் அதே எழுச்சியின்போது எரிந்தழிந்தன. ஓர் அறிவுலகமே சில ஆண்டுகளில் இப்படிச் சிதைக்கப்பட்டது மன்னிக்க முடியாத இழப்பு. வுகாஷியேவிச் 1946இல் டப்ளினில் குடியேறி அங்கேயே மறைந்தார்.

1945க்குப் பின்

லுவூவ் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. 1950களின் தொடக்கத்தில் அதிகாரப்பூர்வ மார்க்சியர்கள் இப்பள்ளியைத் தாக்கினர். பள்ளியைச் சேர்ந்த சிலர் மெய்யியல் கற்பிப்பதிலிருந்து விலக்கப்பட்டனர். தருக்கவியலுக்கு மட்டும் இடம் இருந்ததால் அதன் நிழலில் மரபு உயிர்பிழைத்தது. 1953இல் 'ஸ்டூடியா லாஜிகா' இதழ் தொடங்கியது. அய்துகியேவிச் அதன் ஆசிரியரானார். 1956இன் அரசியல் தளர்வுக்குப் பின் கோத்தார்பின்ஸ்கி போலந்து அறிவியல் கழகத்தின் தலைவரானார்.

அடுத்த தலைமுறையில் மரியான் ப்ஷெவென்ட்ஸ்கி 1969இல் அனுபவக் கோட்பாடுகளின் தருக்கத்தைப் பற்றிய நூலை எழுதினார். க்லெமென்ஸ் ஷனியாவ்ஸ்கி நிகழ்தகவையும் முடிவெடுத்தலையும் ஆராய்ந்தார். போஸ்னான் நகரில் லெஷெக் நோவாக், உராய்வில்லாத தளம் போன்ற இலட்சிய எடுகோள்களில் தொடங்கி அவற்றைப் படிப்படியாகத் தளர்த்தியே அறிவியல் நடைமுறையை நெருங்குகிறது என்ற கோட்பாட்டை வளர்த்தார். யான் வொலென்ஸ்கியின் 1985ஆம் ஆண்டு வரலாற்று நூல் இப்பள்ளியை வாசகர்களுக்கு முழுமையாக அறிமுகப்படுத்தியது.

மதிப்பீடு

இப்பள்ளியின் சாதனைகள் பெரும்பாலும் தருக்கவியலின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. அது பாதி நியாயமே. மூன்று மதிப்புத் தருக்கம் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியிலிருந்தும், உண்மையின் வரையறை பொய்யன் புதிரிலிருந்தும், ஹோசியாசோன்-லிண்டன்பாமின் உறுதிப்பாட்டுக் கணக்கு அறிவியல் விதிகளை நம்பலாமா என்ற ஐயத்திலிருந்தும் எழுந்தவை. மெய்யியல் கேள்விகள் முன்னே வந்தன. கருவிகள் அவற்றுக்காகச் செய்யப்பட்டன. எந்தக் கொள்கையையும் மாணவர்மேல் சுமத்தாமல், கொள்கைகளைச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் கையளித்ததால்தான் ஆட்சிகளும் எல்லைகளும் மாறியபோதும் இம்மரபு அறுபடவில்லை.