மியூனிக் வானொலியின் இசைக்குழு



வானொலிப் பெட்டியில் பாட்டும் வரும், பொய்யும் வரும். எது வரும் என்பது ஒலிவாங்கியின் முன் இருப்பவரைப் பொறுத்தது. இதை ஜெர்மனி நாட்டு மக்கள் பெருந்துன்பத்துக்குப் பிறகே அறிந்தார்கள். அந்த வரலாற்றில் ஒரு பகுதியை இன்று பார்ப்போம்.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மலிவான வானொலிப் பெட்டிகளை அவருடைய அரசு செய்வித்தது. ஏழைகள் மீதுள்ள இரக்கத்தால் அன்று. தன் பேச்சு எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பதற்காக. 1939இல் போர் மூண்டதும் வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமாயிற்று. மெண்டல்சன், மாலர் ஆகிய இசைமேதைகள் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் யூதர்களாகப் பிறந்தார்கள் என்பதற்காக அவர்கள் இயற்றிய இசையும் தடை செய்யப்பட்டது.

மியூனிக் நகரில் கார்ல் அமடேயுஸ் ஹார்ட்மன் என்ற இசையமைப்பாளர் இருந்தார். ஹிட்லர் ஆளும் வரை தம் இசையை ஜெர்மனியில் ஒலிக்க விடாமல் அவர் ஒதுங்கி வாழ்ந்தார். 1945இல் போர் முடிந்தது. நகரம் குண்டுவீச்சில் இடிந்து கிடந்த அந்த ஆண்டிலேயே, தடை செய்யப்பட்டிருந்த இசையையும் புதிய இசையையும் மக்கள் கேட்கும்படி அவர் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்.

அமெரிக்கப் படையினர் நடத்தி வந்த மியூனிக் வானொலி 1949இல் ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பவேரிய வானொலி என்று பெயர் பெற்ற அந்நிலையம், அதே ஆண்டில் தனக்கென ஒரு சிம்பொனி இசைக்குழுவை அமைத்தது. முதல் தலைமை நடத்துநர் ஒய்கன் யோகும். நடத்துநர் என்பவர் எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. கையில் ஒரு சிறு கோலுடன் முன்னே நின்று, ஏறத்தாழ நூறு கலைஞர்களை ஒரே மூச்சாக வாசிக்க வைப்பவர் அவர்.

இக்குழுவுக்கான பணம் மக்கள் செலுத்தும் வானொலிக் கட்டணத்திலிருந்து வந்தது. அரசர்கள் வாழ்ந்த பழைய மாளிகையைச் சீரமைத்து, 1953இல் அங்கே ஓர் இசை அரங்கைத் திறந்தார்கள். அரங்கில் அமர்ந்து கேட்டவர்கள் ஆயிரத்துச் சில நூறு பேர். அதே இசையைத் தொழிலாளியின் குடும்பமும் தன் சமையலறையில் இருந்து கேட்டது.

1961இல் ரபேல் குபெலிக் தலைமை ஏற்றார். இவர் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவர். 1948இல் அங்கே கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியதும், சுதந்திரம் வரும்வரை திரும்புவதில்லை என்று தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். மியூனிக்கில் 1979 வரை பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார். ஹிட்லர் ஆட்சியில் தடை செய்யப்பட்டிருந்த மாலரின் சிம்பொனிகளை இந்தக் குழுவைக் கொண்டே இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். 1990இல் தாய்நாடு விடுதலை அடைந்திருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் பிராக் நகர மேடையில் நின்று, ஸ்மெத்தனா இயற்றிய ‘என் தாய்நாடு’ என்ற இசையை நடத்தினார்.

1989இல் பெர்லின் சுவர் திறந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு பெர்லினில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலித்தது. அன்று பல நாட்டுக் கலைஞர்களுடன் மியூனிக் வானொலிக் குழுவினரும் அமர்ந்து வாசித்தார்கள். நடத்தியவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். பாட்டில் வரும் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை அன்று ‘சுதந்திரம்’ என்று மாற்றிப் பாடினார்கள்.

2003இல் மாரிஸ் யான்சன்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1943இல், நாஜிப் படைக்கு அஞ்சி மறைந்திருந்த ஒரு யூதத் தாய்க்கு ரீகா நகரில் பிறந்தவர் அவர். அந்தத் தாயின் தந்தையையும் உடன்பிறந்தவரையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, ஹிட்லரின் கட்சி தோன்றிய அதே மியூனிக் நகரில், 2019இல் தாம் இறக்கும் வரை அந்த மேடையில் நின்றார். 2023 முதல் சைமன் ராட்டில் அப்பொறுப்பில் இருக்கிறார்.

நேயர்களே, பகைமையை வீடு வீடாகக் கொண்டு சென்றதும் வானொலிதான். வாயடைக்கப்பட்டவர்களின் இசையைத் திரும்பக் கொண்டு வந்ததும் வானொலிதான். நம் வீட்டுப் பெட்டியைத் திருகும்போதும், பேசுவது யார், எதற்காகப் பேசுகிறார் என்று நம் பிள்ளைகளுக்கு எண்ணிப் பார்க்கக் கற்றுக் கொடுப்போம்.