பறை என்னும் சொல்



சில ஆண்டுகளுக்கு முன் நற்செய்தியைக் குறித்துப் பிரசங்கித்தபோது, ‘நியூஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகிய நான்கு சொற்களின் முதலெழுத்துகளால் உண்டானது என்று சொன்னேன். நான்கு திசைக்கும் போகவேண்டியது செய்தி என்று அதை விரித்தும் பேசினேன். சபையார் மிகவும் ரசித்தார்கள். ஆனால் நான் சொன்னது பிழை. புதியது என்று பொருள்படும் ‘நியூ’ என்பதன் பன்மையே ‘நியூஸ்’. உணவகத்தில் கொடுக்கும் ‘டிப்’ என்பதற்கும் மூன்று சொற்களைக் காட்டி இவ்விதமே ஒரு கதை சொல்லுவார்கள்; அதுவும் கட்டுக்கதையே. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பெருகியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆதித் திருச்சபையார் மீனைக் குறிக்கும் ‘இக்துஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் எழுத்துகளில் ‘இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர்’ என்ற அறிக்கையைக் கண்டது மெய். எனினும் மீனுக்கு அந்தப் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

இந்தத் திருத்தத்தைச் சபையில் அறிக்கையிட்ட ஞாயிறன்று, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் வாலிபர் ஒருவர் ஆராதனை முடிந்தபின் எனக்காகக் காத்திருந்தார். “ஐயா, ‘பரையா’ என்கிற இங்கிலீஷ் வார்த்தை எங்கேயிருந்து வந்தது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எல்லா நாடுகளும் ஒதுக்கிவைத்த ஒரு தேசத்தைக் குறித்து ஆங்கில நாளிதழில் அச்சொல்லைக் கண்டாராம். அவருடைய தாத்தா பறையடித்தவர். அதை வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை.

அந்தச் சொல் நம்முடையதே. பறையர் என்னும் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில நூலேறிவிட்டது. இங்கே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராக இருந்தது, அங்கே தள்ளப்பட்டவன் என்னும் வசைச்சொல்லாயிற்று. அவ்வசையை உச்சரிக்கிறவர்களில் பலர் அதன் பின்னே மனிதர் இருப்பதை அறியார்.

ஆனால் தமிழில் அப்பெயர் எங்கிருந்து பிறந்தது? இதைக் குறித்து 19ஆம் நூற்றாண்டில் பெரிய வழக்கு நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஊழியஞ்செய்த கால்டுவெல் ஐயர், 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலால் அறியப்பட்டவர்; பறை என்னும் தோற்கருவியிலிருந்தே இப்பெயர் வந்தது என்பது அவர் துணிபு. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பர்ட் இதை ஏற்கவில்லை. மலைவாசி என்று பொருள்படும் ஒரு வடசொல்லோடு இதை இணைத்தார். ஓசை சற்று ஒத்துவந்ததைத் தவிர அதற்கு வலுவான சான்று இல்லை என்பது என் எண்ணம். நான் பிரசங்கத்தில் செய்த பிழையைக் கற்றோரும் செய்வதுண்டு.

எச்.ஏ. ஸ்டூவர்ட்டின் மறுப்பு அப்படித் தள்ளத்தக்கதன்று. நம்முடைய வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத் திருத்தி வெளியிட்டவரும் அவரே. 1891ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கைத் தொகுத்தபோது அவர் இரண்டு தடைகளை எழுப்பினார். பறையடிப்போர் அச்சமூகத்தில் ஒரு பிரிவினரே. ஒரு பிரிவின் தொழில் ஒரு பெருங்குடிக்கு எப்படிப் பெயராகும்? மேலும், பழைய திவாகர நிகண்டில் ‘பறையன்’ என்னும் சொல்லே இல்லை என்றார்.

முதல் தடைக்கு இன்றும் முழுமையான விடை இல்லை. இரண்டாவதன் கதை வேறு. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளிலிருந்து புறநானூற்றை அச்சில் ஏற்றியது 1894இல். அதாவது அந்தக் கணக்கெடுப்புக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின். அதன் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து, குடியென்று சொல்லத்தக்கவை இந்நான்கே என்று பெருமையாகப் பாடியிருக்கிறார். துடியும் ஒரு தோற்கருவியே, பாணனோ இசைவாணன். அவர்கள் நடுவே நிற்கிற பறையனின் பெயர் கருவியால் வந்தது என்று கொள்வதே பொருத்தம். நிகண்டில் இல்லாத சொல் அதனினும் பழைய பாட்டில், இழிவின் சாயலே இல்லாமல் இருந்தது.

பறை என்பதற்குப் பேசுதல், அறிவித்தல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றும் சொல்லுவதற்குப் ‘பறயுக’ என்கிறார்கள். அரசன் ஆணையை ஊருக்குத் தெரிவித்தது பறையறைந்துதான். நியூஸ் என்பதற்குத் திசைகளைத் தேடி அலைந்தேனே, செய்தியைச் சுமந்த சொல் நம் ஊரிலேயே கிடந்தது!

இதையெல்லாம் சொன்னதும் வாலிபர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். “அப்படியானால் ஏன் ஐயா அதை மாற்றச் சொன்னார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையைக் கொடியாகப் பிடித்தார். அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயர் பகைவர் சுமத்தியது என்று அதை அடியோடு மறுத்தார். ஒரே குடும்பத்தில் இரு வழிகள். பின்னர் எம்.சி. ராஜாவின் முயற்சியால், 1922இல் சென்னை அரசாங்கம் தன் ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. சொல்லின் வேர் நல்லதாயிருந்தும், அதை நாள்தோறும் எறிந்தவர்களின் வாய் அதைக் காயப்படுத்தியிருந்தது. அகராதி காட்டி, அதைச் சுமந்தவர்களின் நோவை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

தோல் தொழிலால் பிழைக்கும் நமக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 9, 10ஆம் அதிகாரங்கள் அந்நியமல்ல. யூதர் இழிவாக எண்ணிய தொழிலைச் செய்த சீமோனின் வீட்டிலே பேதுரு அநேகநாள் தங்கினார். கொர்நேலியுவுக்கு விலாசம் சொன்ன தேவதூதனும் அந்தத் தொழிலை மறைக்கவில்லை. தோல் பதனிடுகிறவன் என்றே சொல்லி, வீடு கடலோரத்தில் இருக்கிறது என்றான். அந்த வீட்டு மேல்மாடியில்தான் பேதுரு தரிசனம் கண்டார்.

இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். தாத்தாவின் பறை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். “தோல் தளர்ந்திருக்கும் ஐயா. நெருப்பில் காய்ச்சினால்தான் ஓசை வரும்,” என்றார்.