உறையாத இரத்தம்: வார்பரினும் தாவர ஔஷதங்களும்

இரத்தம் உறையாதிருப்பதற்காக மாத்திரை உட்கொள்ளும் நோயாளியிடம், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டால், ஒன்றுமில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பூண்டு மாத்திரையும் ஜிங்கோ என்னும் மரத்தின் இலை வில்லையும் அவர் கணக்கில் மருந்தாகச் சேர்வதில்லை. செடிகொடியிலிருந்து வந்தவைதாமே என்பது அவருடைய சமாதானம். இந்தச் சமாதானத்துக்கு எதிரான முதற் சாட்சி, அவர் தினமும் விழுங்கும் அந்த மாத்திரையின் பூர்வோத்தரமே ஆகும். ஏனெனில் வார்பரின் என்னும் அந்த ஔஷதமும், அதன் உறவான அசெனோகூமரோலும், மாட்டுத் தீவனச் செடி ஒன்றிலிருந்து தொடங்கிய வம்சத்தைச் சேர்ந்தவை.

1920-களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும், இனிப்புக் குளோவர் என்னும் செடியை அறுத்து உலர்த்தித் தீவனமாக இட்டுவந்த பண்ணைகளில், கொம்பு வெட்டுதல் போன்ற சிறு காயத்திற்குக்கூட மாடுகள் இரத்தம் நில்லாமல் மாண்டுபோகும் விபரீதம் தோன்றியது. பிராங்க் ஸ்கோபீல்டு என்ற கால்நடை நோயியல் நிபுணர், ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்து, முன்னதை ஒரு முயலுக்கும் பின்னதை மற்றொரு முயலுக்கும் ஊட்டிப் பார்த்தார். நல்ல தண்டைத் தின்ற முயல் சுகமாயிருந்தது. கெட்டதைத் தின்றது இரத்தப்பெருக்கினால் செத்தது. குற்றம் செடியுடையதன்று, அதில் பூத்த பூஞ்சணத்துடையது என்பது இவ்வாறு புலனாயிற்று.

அந்தப் பூஞ்சணம் செய்த காரியம் யாது என்பது தெரிய மேலும் பதினெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1933 பிப்ரவரியில், பனிப்புயலின் நடுவே, விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கிடாரி ஒன்றையும், பால் கேனில் உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன குளோவர் மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 190 மைல் கடந்து, மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்னும் ரசாயன விஞ்ஞானியின் வாசலில் வந்து நின்றார். அன்று கையில் உபாயம் எதுவும் இல்லாத லிங்கின் ஆய்வுக்கூடம், 1939-இல் அந்த விஷத்தைப் படிகமாகப் பிரித்தது. புதுப்புல்லின் நறுமணத்துக்குக் காரணமான கூமரின் என்ற நிரபராதப் பொருளே பூஞ்சணத்தின் செயலால் மாறி, டைகூமரால் என்னும் விஷமாகிறது. அதன் வழியில் பிறந்த வார்பரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கும் உரிய மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டு இதயத் தாக்குதலுற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் கொடுக்கப்பட்டது. கோபன்ஹேகனில் ஹென்றிக் டாம் கோழிக்குஞ்சுகளில் கண்டுபிடித்த, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை இம்மருந்து தடுக்கிறது. ஆகவே அந்த வைட்டமின் மிகுந்த கீரையை இன்று அதிகமாகவும் நாளை குறைவாகவும் உண்பவரிடம் மருந்தின் பலமும் ஏறியிறங்கும்.

தாவர மருந்துகளின் மீது சந்தேகம் எழுந்தது பின்னரே. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை உணவுத் துணைப்பொருள் என்று வகுத்து, விற்குமுன் அபாயமின்மையை நிரூபிக்கும் கடமையிலிருந்து விடுவித்தது. 1997-இல் வெளியான ஒரு குறிப்பில், இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் மூன்று ஆண்டுகளாக ஆஸ்பிரின் உண்டுவந்த எழுபது வயதினர் ஒருவருக்கு, ஜிங்கோவைத் தொடங்கிய ஒரு வாரத்தில் கண்ணின் முன்னறையில் இரத்தம் கசிந்த சம்பவம் விவரிக்கப்படுகிறது. அவர் ஜிங்கோவை நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர, கசிவு மீளவில்லை. பூண்டை அளவுமீறி உண்ட 87 வயது முதியவர் ஒருவருக்கு முதுகுத்தண்டில் இரத்தம் கட்டியதாகவும் 1990-இல் ஒரு குறிப்பு உண்டு. அவ்விடத்தில் வார்பரினே இல்லை. ஹாங்காங்கில், சீன வைத்தியத்தின் டான்ஷென் வேர் வார்பரினோடு சேர்ந்து இரத்தத்தை மிகையாக நீர்க்கச் செய்தது இதய நோயாளிகளிடம் காணப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர் லாப்களில் 'ஐ.என்.ஆர்.' என்று எழுதித்தரும் எண், இரத்தத்திலுள்ள உறைபொருள்களின் வேலையை மட்டுமே அளக்கிறது; டான்ஷென் அந்த எண்ணை உயர்த்துவதால் அகப்பட்டுக்கொள்கிறது. பூண்டுக்கும் ஜிங்கோவுக்கும் சொல்லப்படும் குற்றமோ இரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைப்பது. அது அந்த எண்ணில் பதியாது. பரிசோதனைச் சீட்டில் எல்லாம் சரியாயிருக்கும்போதே பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நில்லாமற்போகலாம்.

ஆயினும் தனித்தனிச் சம்பவங்களை எண்ணிக் கோத்துவிட்டால் சாஸ்திரமாகிவிடாது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் பன்னிரண்டு ஆரோக்கியமான ஆடவருக்கு வார்பரினை ஒரே வேளை கொடுத்துச் செய்த பரிசோதனையில், ஜிங்கோவும் இஞ்சியும் அதன் பலத்தை மாற்றியதாகத் தெரியவில்லை. இதை விடுதலைத் தீர்ப்பு என்று கொள்ள எனக்கு மனமில்லை. ஆரோக்கியமான ஓர் ஆணின் ஒரு வேளை மாத்திரை, பத்து மருந்தோடு வாழும் கிழவரின் மூன்று ஆண்டுக்குச் சமானமாகாது.

அதே குழுவினர் செய்த மற்றொரு பரிசோதனை தெளிவான விடை தந்தது, அதுவும் எதிர்த்திசையில். மனச்சோர்வுக்காக ஐரோப்பாவில் வழங்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மஞ்சட்பூச் செடி, கல்லீரலைத் தூண்டி வார்பரினை விரைவில் வெளியேற்றுகிறது. இந்தச் செடியை உண்பவரிடம் ஐ.என்.ஆர். எண் இறங்குவதைக் கண்ட வைத்தியர், காரணம் அறியாமல் மாத்திரையைக் கூட்டுகிறார்; சில வாரங்களுக்குப் பின் நோயாளி செடியை விட்டுவிடுகிறார்; கூட்டிய மாத்திரை மட்டும் நிலைத்துவிடுகிறது. இரத்தம் ஒழுகத் தொடங்கும் நாளில் வீட்டில் அந்தச் செடியின் புட்டியே இராது. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அப்போதும் ஒன்றுமில்லை என்றே அவர் சொல்வார், அது பொய்யும் ஆகாது.