லேகொக் கிராமமும் வரலாற்றின் சாயலும்

ஒரு கிராமம் பழமை மாறாது நிலைப்பது செல்வத்தாலா, செல்வம் குன்றியதாலா? இங்கிலாந்தின் வில்ற்சயர் மாவட்டத்திலுள்ள லேகொக் என்னுங் கிராமம் வரலாறு கற்போர் உள்ளத்தில் இவ்வினாவை எழுப்புகின்றது. சதுரமாய் அமைந்த நான்கு தெருக்கள். மரச்சட்டங்களிடையே சுவர் நிரப்பிய வீடுகள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களஞ்சியம். தெருவில் மின்கம்பங்களும் கண்ணிற்படுவதில்லை.

சோல்ஸ்பெரிக் கோமாட்டி ஈலா என்பார் 1232ஆம் ஆண்டில் இங்கு கன்னியர் மடமொன்றுக்கு அடிக்கல் நாட்டினார். கணவரை இழந்த அவ்வம்மையார் பின்னர் அம்மடத்தின் தலைவியாகவும் விளங்கினார். கம்பளி வாணிகத்தால் ஊரும் செழித்தது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் இம்மடமும் ஒடுங்கிற்று. அதனை விலைக்குப் பெற்ற வில்லியம் ஷாரிங்ரன், கோயிலை இடித்து, எஞ்சியவற்றைத் தமது மாளிகையாக்கினார். ஆயினும் வளைவுகளையுடைய மடத்து முற்றவழிகள் அழியாது தப்பின. பின்னர் அம்மாளிகை திருமண உறவால் ரால்பொற் குடும்பத்தாரைச் சேர்ந்தது.

இயந்திரத் தொழில் பிற நகரங்களிற் பெருகியபொழுது லேகொக்கின் பழைய வாணிகம் தளர்ந்தது. ஊர் ஒரே குடும்பத்தின் உடைமையாயிருந்தமையின், பழையன இடித்துப் புதியன எழுப்பும் வேகமும் அங்கு புகவில்லை. செல்வம் கட்டியதைச் செல்வக் குறைவு காத்ததெனலாம். 1944இல் மற்றில்டா ரால்பொற் அம்மையார் மாளிகையையும் கிராமத்தையும் நஷனல் றஸ்ற் என்னும் மரபுரிமை காக்கும் அமைப்புக்கு நன்கொடையாக அளித்தார். அன்று முதல் தற்செயலாய் நிகழ்ந்த காப்பு, கருதிச் செய்யும் காப்பாயிற்று.

இம்மாளிகையிலேதான் 1835இல் வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரால்பொற், ஒரு சாளரத்தின் உருவைச் சிறு தாளிற் பதித்தார். ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் எதிர்ப்படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழையது. நிழற்படக் கலைக்குத் தொட்டிலாய் அமைந்த ஊரைப் பிற்காலத்திற் படக்கருவிகள் நாடி வந்தமை வியப்பன்று. ஜேன் ஒஸ்ரினின் நாவலைத் தழுவி 1995இல் வெளிவந்த பீ.பீ.சீ. தொடரில் இவ்வூர் மெரிற்றன் நகராகத் தோன்றியது. 2007இல் 'கிரான்போர்ட்' தொடரும் இங்கு படமாக்கப்பட்டது. மடத்து முற்றவழிகள் ஹரி பொட்டர் திரைப்படத்தில் மாயவித்தைக் கல்லூரியாயின.

இதனால் ஊருக்குப் புகழும் வருவாயும் கிடைக்கின்றன. இடர்ப்பாடு ஒன்றும் உளது. படக்காட்சி ஒரு காலத்தை மட்டுமே வேண்டுவது. ஐந்தாறு நூற்றாண்டுகளிற் படிப்படியாய் எழுந்த வீடுகளை அது ஒரே நாளின் தோற்றமாக்கிவிடும். விளைவிற் பத்திலொரு பங்கைக் களஞ்சியத்தில் அளந்த உழவரும், மடங்கலைந்த நாளில் வெளியேறிய கன்னியரும் அக்காட்சியில் இடம்பெறார். காண வருவோரிற் பலர் தாம் திரையிற் கண்ட ஊரையே தேடுவர். அவ்வீடுகளில் வாடகைக்கு வாழும் மக்களோ, தம் வாயில் பிறர்க்குக் காட்சியாயிருத்தலைப் பொறுத்தே நாட்கழிக்க வேண்டியவராவர்.

பழஞ்சுவரைக் காப்பது வரலாற்றைக் காப்பதில் முதற்படி மாத்திரமே. அச்சுவரை எழுப்பியவர் யார், அதன் நிழலில் உழைத்தவர் யார் என வினவுதல் அடுத்த படி. முன்னதைச் செல்வமும் சட்டமும் செய்யலாம். பின்னதைக் கல்வியே செய்தல் வேண்டும்.