இரு குறும்படங்களும் காவற்கண்ணும்

ஆடவன் ஆடவன்பால் கொள்ளும் காதலைப் பொருளாகக் கொண்ட தொடக்ககாலக் குறும்படங்களில் ஈர்ப்பும் இடரும் பிரியாமல் வருதலைக் காண்கிறோம். இவ்விடர் அக்காதலின் இயல்பிலேயே உள்ளதா, புறத்தேயிருந்து வந்து சேர்வதா என்பதனை இரண்டு படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, அமெரிக்கராகிய கென்னத் ஆங்கர் 1947-ஆம் ஆண்டில் எடுத்த 'ஃபயர்வொர்க்ஸ்'. வாணவேடிக்கை என்பது இதன் பொருள். அந்நாளில் ஹாலிவுட் நிறுவனங்கள் மேற்கொண்டிருந்த தணிக்கை நெறி இத்தகைய காதலைத் திரையிற் காட்டுதலை விலக்கியிருந்தது. ஆங்கர் தம் பெற்றோர் வீட்டில், தாமே தலைவனாக நடித்து இதனை எடுத்தார். கனவில் இளைஞன் ஒருவன் கடற்படை வீரனை நாடிச் செல்கிறான். வீரர் பலர் கூடி அவனை அடித்து வீழ்த்துகின்றனர். முடிவில் அவனருகே ஒருவன் துயில்கிறான். ஆயினும் படச்சுருளைக் கீறி அவன் முகம் மறைக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழெனே 1950-இல் எடுத்த 'காதற்பாட்டு' என்னும் பொருளுடைய படம். அவர் இயக்கிய படம் இஃதொன்றே. ஏறத்தாழ 26 நிமிடம் ஓடும் இவ்வூமைப் படத்தில் அடுத்தடுத்த சிறையறைகளில் இருவர் உள்ளனர். சுவர்த்துளையில் வைக்கோல் ஒன்றைச் செலுத்தி ஒருவன் ஊதும் புகையை மற்றவன் உள்ளிழுக்கிறான். கதவுத்துளை வழியே காவலன் நோக்குகிறான். அவனுக்கும் வேட்கை எழுகிறது. அவ்வேட்கையே அடியாகவும், கைதியின் வாயிற் செருகிய துப்பாக்கியாகவும் மாறுகிறது.

இரு படங்களிலும் துன்பம் செய்வோர் சீருடையினர். சீருடையினரையே விரும்புதலின் இக்காதலர் இடரையும் விரும்பினர் எனச் சிலர் கூறலாம். ஆங்கரின் படத்திற்கு அஃது ஓரளவு பொருந்தும். ஆனால் ழெனேயின் படத்தில் மிக மென்மையான காட்சியாகிய புகைக்காட்சியில் சீருடைக்கு இடமில்லை. சாளரங்களுக்கிடையே வீசப்படும் பூங்கொத்தும் இறுதியில்தான் மற்றவன் கைக்கு எட்டுகிறது. அப்பொழுது காவலன் அதனை நோக்கவில்லை.

படங்கள் காட்டியது அவற்றின் வரலாற்றிலும் நிகழ்ந்தது. 'ஃபயர்வொர்க்ஸ்' 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கொரொனெட் அரங்கில் திரையிடப்பட்டபோது காவல்துறையினர் புகுந்தனர். திரையிட்ட ரேமண்ட் ரோஹவர் 1958-இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். 1959-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீங்கியது. ழெனேயின் படத்தைத் திரையிட்டதற்காக 1964-இல் நியூயார்க்கில் ஜோனஸ் மேக்கஸ் கைது செய்யப்பட்டார். அப்படம் ஆபாசமானது என்ற கீழ்மன்றத் தீர்ப்பை 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற அளவில் உறுதிசெய்தது. 1975-இல் பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனம் அதே படத்திற்குப் பரிசளிக்க முன்வந்தது. ழெனே ஏற்க மறுத்தார்.

படங்கள் மாறவில்லை, நோக்கிய கண்களே மாறின. ஆதலின் இடர் காதலரிடத்தன்று, கதவுத்துளையில் நின்ற கண்ணிடத்தது என்பதே எம் துணிபு.