வழுக்கும் வரம்பு: உராய்வு முடிச்சுகளின் சோதனை வரலாறு

மலையேறுபவரின் முதன்மைக் கயிற்றின்மேல் அதைவிட மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைச் சில சுற்றுகள் சுற்றி முடிந்துவிட்டால், பாரம் இல்லாதபோது அந்த முடிச்சைக் கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். பாரம் விழுந்ததும் அது இறுகி அதே இடத்தில் நின்றுவிடும். இதுவே உராய்வு முடிச்சு. பனிப்பிளவில் விழுந்தவர் தம் கயிற்றிலேயே மேலேறி வருவதற்கும், கயிற்றில் இறங்குபவர் பிடி தவறினால் தடுத்து நிறுத்துவதற்கும், மீட்புக் குழுவினர் காயம்பட்டவரைப் படுக்கையோடு பாறைமுகப்பில் இறக்குவதற்கும் இம்முடிச்சு பயன்படுகிறது. ஓர் உயிரோ இரண்டு உயிர்களோ தொங்கும் இந்தச் சுற்றுகள் எவ்வளவு தாங்கும்? இக்கேள்விக்கு விடை தேடிய முறை கடந்த நூற்றாண்டில் மாறியது. முதலில் கயிறு அறும் பாரத்தைப் பார்த்தார்கள். பிறகு முடிச்சின் பிடியைப் பார்த்தார்கள். கடைசியில் அது எந்தப் பாரத்தில், எவ்விதமாக வழுக்கத் தொடங்குகிறது என்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள். இவற்றுள் மூன்றாவது கேள்வியே சரியான கேள்வி என்பதையும், அதை வந்தடையத் தேவையில்லாமல் நெடுங்காலம் பிடித்தது என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

முடிச்சின் மூலம் மலையில் இல்லை, கடலில் இருக்கிறது. இழுவிசையில் இருக்கும் பெருங்கயிற்றின் பாரத்தைச் சற்று நேரம் வேறொரு கயிற்றுக்கு மாற்ற, கயிற்றின் நீளவாக்கில் இழுத்தாலும் நழுவாத முடிச்சு பாய்க்கப்பல் மாலுமிகளுக்குத் தேவைப்பட்டது. அத்தகைய சுற்றுமுடிச்சுகள் அவர்களிடம் தலைமுறைகளாக இருந்தன. அவற்றை யாரும் அளந்து பார்க்கவில்லை. நழுவாமல் நின்றது புழக்கத்தில் இருந்தது, நழுவியது கைவிடப்பட்டது.

மலையேற்றத்தில் இதற்குப் பெயர் தந்தவர் கார்ல் புரூசிக். 1896-இல் வியன்னாவில் பிறந்த அவர் இசை ஆசிரியர். ஆஸ்திரிய ஆல்பைன் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். முதல் உலகப் போரின்போது அறுந்த இசைக்கருவி நரம்புகளை ஒட்டுப்போட இம்முடிச்சை அவர் கையாண்டார் என்று சொல்லப்படுவதுண்டு. 1931-இல் ஆஸ்திரிய ஆல்பைன் இதழில் எழுதிய கட்டுரையில் இதை மலையேறுபவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். இரு திசையிலும் ஒரே மாதிரி பிடிக்கும் சமச்சீர் அமைப்பு இதன் சிறப்பு. அன்றைய கயிறுகள் சணல்வகை நார்களை முறுக்கிச் செய்தவை. முறுக்கின் மேடுபள்ளங்களில் சுற்றுகள் பதிந்துகொள்ளும். நாரின் சொரசொரப்பும் துணை நிற்கும். அந்தக் கயிற்றில் பிடியைப் பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. நனைந்தால் விறைத்து, உள்ளுக்குள் மக்கிப்போய், ஒரு வீழ்ச்சியில் அறுந்துவிடக்கூடிய கயிறு என்பதால் கவலை முழுவதும் வலிமையைப் பற்றியதாகவே இருந்தது. கயிற்றுச் சோதனை என்றால் அறுக்கும் சோதனை என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

இந்த எண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியவர் மலையேற்றத்தோடு தொடர்பில்லாத அமெரிக்க ஓவியர் கிளிஃபர்ட் ஆஷ்லி. 1944-இல் வெளிவந்த முடிச்சுகளைப் பற்றிய அவரது பெருநூல், முடிச்சின் வலிமையையும் அதன் உறுதியையும் இருவேறு பண்புகளாகப் பிரித்தது. வலிமை என்பது முடிச்சிட்ட கயிறு அறுவதற்கு முன் தாங்கும் பாரம். உறுதி என்பது முடிச்சு நழுவாமல் நிற்கும் திறன். இரண்டாவதை அளக்க, அறுவதற்கு முன்பே வழுக்கிவிடக்கூடிய நூலைத் தேர்ந்தெடுத்து, ஒரே சீரான வெட்டிழுப்புகளை இயந்திரத்தால் கொடுத்து, எத்தனையாவது இழுப்பில் முடிச்சு விடுகிறது என்று ஆஷ்லி கணக்கெடுத்தார். அறாத பொருளைக் கொண்டு பிடியை மட்டும் தனியே சோதிப்பது எளிய யோசனைதான். இருந்தும் மலையேற்றச் சோதனைகளில் அது இடம்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

கணிதம் இதற்கும் முன்பே தயாராக இருந்தது. தூணைச் சுற்றிய கயிற்றின் இரு முனைகளிலும் உள்ள இழுவிசைகளின் விகிதம், உராய்வுக் கெழுவையும் சுற்றுக் கோணத்தையும் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் பெருகும் என்பதை 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லரும், 1808-இல் யோஹான் ஐடெல்வைனும் நிறுவியிருந்தனர். கெழு 0.25 என்று கொண்டால் ஒரு முழுச் சுற்றில் விகிதம் ஏறத்தாழ 4.8, மூன்று சுற்றில் 111. துறைமுகத்தில் ஒற்றை ஆள் கயிற்றைத் தூணில் சுற்றிப் பெருங்கப்பலை நிறுத்துவது இதனால்தான். 1977-இல் அமெரிக்க இயற்பியலாளர் பெஞ்சமின் பேமன் இந்தச் சமன்பாட்டை முடிச்சுகளுக்கு விரிவாக்கினார். ஒரு முடிச்சு நிற்குமா என்பது உராய்வுக் கெழு ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்பதைப் பொறுத்ததே தவிர, பாரத்தின் அளவைப் பொறுத்ததல்ல என்பது அவர் கண்ட முடிவு. முடிச்சை இறுக்குவதே அந்தப் பாரம்தானே. பாரம் கூடக் கூடப் பிடியும் அதே விகிதத்தில் கூடவேண்டும்.

அழகான முடிவு. ஆனால் சோதனைக்கூடத்தில் நைலான் முடிச்சு அப்படி நடந்துகொள்வதில்லை. சிறு பாரத்தில் அசையாமல் நிற்கும் அதே முடிச்சு, பாரம் ஏறி ஓர் அளவைத் தொட்டதும் வழுக்குகிறது. இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி ஜவுளி ஆய்விலிருந்து கிடைக்கிறது. உராய்வு விசை அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் உயரும் என்ற பழைய விதி நார்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அழுத்தம் உயரும்போது உராய்வு அதைவிட மெதுவாகவே உயர்கிறது என்று 1953-இல் ஹோவெல், மசூர் ஆகிய இருவரும் காட்டியிருந்தனர். இன்னும் இரண்டு காரணங்கள் கயிற்றிலேயே உள்ளன. இழுபடும் முதன்மைக் கயிறு மெலிந்து, முடிச்சின் அணைப்பிலிருந்து சற்று விலகுகிறது. வழுக்கல் தொடங்கியதும் எழும் வெப்பம் நாரின் மேற்பரப்பையே மாற்றிவிடுகிறது. ஆக, உராய்வு முடிச்சுக்கு ஒரு வழுக்கும் வரம்பு உண்டு. அதைச் சமன்பாட்டிலிருந்து மட்டும் பெற முடியாது. இழுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இதே 1953-ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் உட்கருவும் பின்னல் உறையும் கொண்ட கெர்ன்மாண்டெல் கயிற்றைக் கொண்டுவந்தது. உறை வழவழப்பானது, முறுக்கின் பள்ளங்கள் அதில் இல்லை. வலிமையைப் பற்றிய பழைய அச்சம் இந்தக் கயிற்றோடு குறைந்தது. பிடியைப் பற்றிய புதிய அச்சம் அதோடு வந்தது. பாக்மன், மஷார் முதலிய மாற்று முடிச்சுகள் பரவியதும், சுவிட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி இருவரும் 1958-இல் பற்கள் கொண்ட ஜூமார் கருவியை உருவாக்கியதும் இச்சூழலில்தான். ஜூமார் மேலேறுவதைச் சுலபமாக்கியது. ஆனால் கடும் அதிர்வில் அதன் பற்கள் உறையைக் கிழித்துவிடும். கயிற்றுப்பிடிக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 4 கிலோநியூட்டன் வரை, அதாவது சுமார் 400 கிலோ பாரம் வரை, கயிறு சேதமாகக் கூடாது என்று மட்டுமே கேட்கிறது. முடிச்சுக்குப் பற்கள் இல்லை. மிகுந்த பாரத்தில் அது வழுக்கி, ஆற்றலை வெப்பமாக்கிக் கழித்துவிட்டு மீண்டும் பிடிக்கக்கூடும். இந்த வேறுபாட்டின் முழுப் பொருள் விளங்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அது விளங்கிய இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. மலைமீட்புப் பயிற்றுநரான ஆர்னோர் லார்சனும் அவரது கூட்டாளிகளும் 1980-களில் அங்கே நடத்திய வீழ்ச்சிச் சோதனைகளை இத்துறையின் திருப்பமாகவே கருதுகிறேன். அதுவரை சோதனை என்றால் பெரும்பாலும் மெதுவாக இழுப்பது. இவர்கள் மீட்புப் பணியில் உண்மையில் நிகழக்கூடிய மோசமான கணத்தை எடுத்துக்கொண்டார்கள். காயம்பட்டவர், உடன் இறங்கும் மீட்பாளர், படுக்கை, தளவாடங்கள் எல்லாம் சேர்த்து 200 கிலோ. விளிம்பருகே முதன்மைக் கயிறு விடுபட்டுப்போகிறது. காப்புக் கயிற்றில் 3 மீட்டர் வெளியே இருக்கும் நிலையில் பாரம் 1 மீட்டர் விழுகிறது. காப்புமுறை அதை மேற்கொண்டு 1 மீட்டருக்குள் நிறுத்தவேண்டும். உச்ச விசை 15 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. நின்ற பிறகும் கயிறும் முடிச்சும் வேலைக்கு உதவும் நிலையில் இருக்கவேண்டும்.

இந்த நிபந்தனைகளின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். அறுவதும் தோல்வி, நிற்காமல் ஓடுவதும் தோல்வி, வெடுக்கென்று நின்று உடலை நொறுக்குவதும் தோல்வி. ஒற்றை ஏறுநருக்குப் போதுமானவை என்று நம்பப்பட்டு வந்த கைக்காப்பு முறைகள் பல, 200 கிலோவின் முன் நிற்கவில்லை. கயிறு கைவழியே ஓடியது. அமெரிக்கக் கலிபோர்னியாவின் யோசெமிட்டி மீட்புப் பணியில் இருந்த ஜான் டில், 1990-இல் இதே ஐயத்தைக் கேள்வியாக எழுப்பி மீட்புத்துறையினரைச் சிந்திக்கவைத்தார். தேறியது, 8 மி.மீ. துணைக்கயிற்றில் மூன்று சுற்றுப் புரூசிக் முடிச்சு இரண்டை அடுத்தடுத்து இட்ட இரட்டைப் புரூசிக் முறை. அந்த முடிச்சுகள் கல்லாக நின்று பாரத்தைத் தடுக்கவில்லை. சில பத்து சென்டிமீட்டர் வழுக்கிச்சென்று, பாரத்தை இரண்டும் பகிர்ந்துகொண்டு நின்றன.

சோதனை முடிந்தபின் அம்முடிச்சைத் தளர்த்திப் பார்த்தால் நிகழ்ந்ததன் தடயம் தெரியும். சுற்றுகளின் உட்பக்கத்தில் பின்னலின் இழைகள் தனித்தனியே தெரியாமல் உருகிச் சேர்ந்து மினுமினுக்கும் கெட்டிப் பட்டையாக இருக்கும். முதன்மைக் கயிற்றின் உறைமேல் துணைக்கயிற்றின் நிறம் தீற்றலாக ஒட்டியிருக்கும். நைலான்-6 உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ். அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் அந்த மெல்லிய அடுக்கு அவ்வளவு சூடேறியிருக்கிறது. அத்தகைய வளையத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அடுத்த முறை அது முன்போல் பிடிக்காது.

மெதுவாக இழுக்கும் சோதனையில் இதே மூன்று சுற்று முடிச்சு ஏறத்தாழ 7 முதல் 12 கிலோநியூட்டன் வரையில் வழுக்கத் தொடங்குகிறது. இந்த விரிந்த இடைவெளியே ஒரு செய்தி. துணைக்கயிறு முதன்மைக் கயிற்றின் விட்டத்தில் 60 முதல் 80 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது பொதுவழக்கு. அதைவிடத் தடித்தால் சுற்றுகள் பதியாமல் வழுக்கும். மிக மெலிந்தால் இறுகி, வழுக்குவதற்கு முன்பே அறக்கூடும். ஈரமும் உறைபனியும் கணக்கை மாற்றும். விட்டம் சரியாக இருந்தும் கயிறு விறைப்பாக இருந்தால் பிடி வராது. அதனால் மீட்பாளர்கள் துணைக்கயிற்றை மடித்து, மடிப்பின் அடியில் இரு விரலால் கிள்ளிப் பார்க்கிறார்கள். மடிப்பில் பெரிய துளை நின்றால் அந்தக் கயிறு முடிச்சுக்கு உதவாது. ஆய்வுக்கூட அளவீட்டுக்கு ஈடான தகவலை விரல்நுனி தரும் இடம் இது. இதைச் செய்யாமல் வெளியிடப்படும் வழுக்கல் எண்களை நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

இன்னொரு மாறியும் வீழ்ச்சிச் சோதனைகளில் வெளிப்பட்டது: மனிதக் கை. பாரத்தை இறக்கும்போது காப்பாளர் முடிச்சுகள் இறுகிவிடாதபடி கையால் தள்ளி வைத்திருக்கிறார். திடுக்கிடும் கணத்தில் மனிதக் கை திறப்பதில்லை, இறுக மூடுகிறது. மூடிய கைக்குள் இருக்கும் முடிச்சு பிடிக்காது. ஆகவே கயிறு ஓடும்போது கை தானாகவே முடிச்சிலிருந்து விலகும்படி மணிக்கட்டை வைத்துக்கொள்ளும் முறை பயிற்சியில் சேர்ந்தது. பொறியில் மாட்டி இழுக்கும் எந்தச் சோதனையும் இதைக் காட்டியிருக்காது.

மரமேறும் தொழிலாளர்களின் பாதை வேறு. அவர்கள் நாள் முழுவதும் முடிச்சின்மேல் ஏறி இறங்குபவர்கள். பாரம் நீங்கியதும் முடிச்சு உடனே இளக வேண்டும் என்பதே அவர்களின் முதல் தேவை. ஆஸ்திரியரான ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981-இல் வெளியிட்ட முடிச்சை, அதை அறியாமலேயே தாமும் கண்டுபிடித்த ஜேசன் பிளேக் 1994-இல் மரப்பராமரிப்பு இதழொன்றுக்கு எழுதிய கடிதத்தில் அறிமுகப்படுத்தினார். இன்று பிளேக்கின் பெயரே நிலைத்திருக்கிறது.

வலிமையை மட்டும் பார்க்கும் பார்வையின் குறை தெளிவாக வெளிப்பட்டது புதிய இழைகளால். டைனீமா போன்ற உயர்வலு பாலிஎத்திலீன் எடைக்கு எடை நைலானைவிடப் பன்மடங்கு வலுவானது. ஆனால் அது வழவழப்பானது. ஏறத்தாழ 145 டிகிரியிலேயே உருகிவிடும். அறுக்கும் சோதனையில் முதலிடம் பெறும் இழை உராய்வு முடிச்சில் கடைசிக்குப் போகிறது. அராமிட் இழைகள் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் டாம் மோயர், பால் டஸ்டிங், கிறிஸ் ஹார்ம்ஸ்டன் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு, திரும்பத் திரும்ப மடக்கினால் டெக்னோரா என்ற அராமிட் இழைக்கயிறு நைலானைவிட வேகமாக வலுவிழக்கிறது என்பதைக் காட்டியது. முடிச்சுக்கயிறு என்பது மடங்கிக்கொண்டே இருக்கும் கயிறு. புதிதாக இருக்கும்போது அளந்த எண் அதன் வாழ்நாளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

மீட்புத்துறையில் நீண்டகாலம் கோலோச்சிய விதி பத்துக்கு ஒன்று: 2 கிலோநியூட்டன் பாரம் என்றால் அமைப்பின் ஒவ்வொரு உறுப்பும் 20 கிலோநியூட்டன் தாங்கவேண்டும். 10 கிலோநியூட்டனை ஒட்டி வழுக்கும் புரூசிக் முடிச்சு இந்தக் கணக்கில் பலவீனமான கண்ணியாகிவிடும். வீழ்ச்சிச் சோதனையில் தேறிய உறுப்பு காகிதக் கணக்கில் தவறியது. இந்த முரணை நேரடியாக எதிர்கொண்டவர் பிரிட்டிஷ் கொலம்பியச் சோதனை மரபிலிருந்து வந்த கர்க் மாத்னர். 2016-இல் சர்வதேசத் தொழில்நுட்ப மீட்புக் கருத்தரங்கில் அவர் முன்வைத்த அறிக்கை, பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தை விட்டு, விசையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளை நோக்கி நகரவேண்டும் என்று வாதிட்டது. அமைப்பில் எங்கோ ஓரிடம் குறிப்பிட்ட விசையில் வழுக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், மற்ற உறுப்புகள் அந்த விசையைத் தாங்கினால் போதும். நெடுங்காலம் முடிச்சின் குறையாக எண்ணப்பட்டு வந்த பண்பு, இந்தக் கணக்கில் வடிவமைப்பின் அடிப்படையாகிறது.

வணிகத் தரநிலைகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. துணைக்கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை 564, விட்டத்தின் வர்க்கத்தைக் கொண்டு குறைந்தபட்ச வலிமையை வரையறுக்கிறது: 5 மி.மீ. கயிற்றுக்கு 5.0, 6 மி.மீ. கயிற்றுக்கு 7.2, 8 மி.மீ. கயிற்றுக்கு 12.8 கிலோநியூட்டன். இவை அறும் எண்கள். கயிற்றின் விறைப்பையோ, இன்ன விட்டமுள்ள முதன்மைக் கயிற்றில் இத்தனை சுற்று இட்டால் எங்கே வழுக்கும் என்பதையோ அது கேட்பதில்லை. கடையில் கயிறு வாங்கும் ஏறுநர் லேபிளில் காண்பது அறும் எண்ணை மட்டுமே. ஒரே ஒரு தகவலைக் கூடுதலாக அச்சிடலாம் என்றால், 11 மி.மீ. கெர்ன்மாண்டெல் கயிற்றில் மூன்று சுற்றுப் புரூசிக் வழுக்கத் தொடங்கும் விசையையே, அதன் மேல்கீழ் எல்லைகளோடு, அங்கே அச்சிடவேண்டும்.